ஒற்றைத் தும்மல்

என் தம்பிக்கு வந்தது குழந்தைகளை அபூர்வமாகவே பிடிக்கும் ரத்தப் புற்றுநோய். வேறொருவருடைய எலும்பு மஜ்ஜையை ஏற்றினால்தான் பிழைப்பான் என்றார்கள். வீட்டில் எல்லோரையும் சோதித்ததில் முழுதாகப் பொருந்தியது என்னுடையது மட்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அன்றிலிருந்து, வங்காளத்தில் நாங்கள் இருந்த சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் நான்தான் மகாராணி. பள்ளிக்கூடம் கிடையாது. புச்கா விற்கும் பானிபூரி வண்டிப் பக்கமும் தலைவைத்துப் படுக்கக்கூடாது. மழைத்தண்ணீர் தேங்கிய இடங்களில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார். திடீரென்று ஏன் இவ்வளவு பிரியம் என்று நான் கேட்கவில்லை. கிடைத்தவரை லாபம்.

அம்மா தம்பியுடன் மருத்துவமனையில், வேறு யாரும் நுழைய முடியாத கண்ணாடி அறையில் இருந்தாள். அவனுடைய சொந்த மஜ்ஜையை மருந்து கொடுத்து அடியோடு அழித்துவிட்டார்கள். இனி எனக்குக் காய்ச்சலோ சளியோ வந்தால் அவன் கதி அதோகதிதான்.

நான் மருத்துவமனைக்குக் கிளம்பிய மாலை, திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அத்தை என் முகத்தில் பவுடரை அள்ளி அப்பினாள். வாசலில் கால் வைத்ததும் தும்மினேன். அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. அத்தைக்கோ வேறு கவலை.

"ஒத்தத் தும்மல் ஆகாதுட்டி. இன்னொண்ணு போட்டுரு."

"தும்மிராதம்மா, அடக்கிக்கோ!" என்றார் அப்பா.

"சகுனத்தட இருக்கையில பிள்ளையக் கூட்டிட்டுப் போவியால?"

"ரெண்டாவதும் தும்முனா சளின்னு திருப்பி அனுப்பிருவாங்கக்கா!"

யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு வங்காளி அத்தை காக்கிமா, "எக்டு போஷே ஜாவ்" என்றாள். சற்று உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று அர்த்தம். தும்மல் விஷயத்தில் வங்காளமும் திருநெல்வேலியும் ஒரே கட்சி. அப்பா தோற்றுப்போய் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினோம். வழி நெடுக என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடியே வந்தார். மருத்துவர் என் தொண்டையையும் மார்பையும் சோதித்து, எல்லாம் பவுடர் செய்த வேலை என்று சிரித்த பிறகுதான் அப்பாவுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலை எனக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்தார்கள். மாலையில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே தம்பி அம்மாவின் மடியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பையிலிருந்து என் மஜ்ஜை சிவப்பாக அவனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

"இவ்வளவுதானாப்பா?" என்றேன்.

அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. என் வலியை நினைத்துத்தான் அழுகிறார் என்று, "வலிக்கலப்பா" என்றேன். இன்னும் அதிகமாக அழுதார்.

தம்பி இன்று என்னைவிட உயரம். அன்று காலை தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, வெறும் கையோடு வராந்தாவில் நின்றவர் அப்பா என்பது எனக்கு அப்போது எங்கே தெரிந்தது?