கேம்பருக்கு ஒரு குளிர்காலக் கதவு

என் கணவருக்குக் கதவு மூடிய அறையில் நித்திரை வராது என்பதை நான் ரொறன்ரோவுக்கு வந்த மூன்றாம் நாள்தான் கண்டுகொண்டேன். கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் அவர் நாட்டைவிட்டுப் போனவர். அந்த ஒரு மாதமும் எல்லோரையும் போலக் கதவைச் சாத்திவிட்டுத்தான் படுத்தார். நான்கு வருடம் கழித்து, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், அவர் ஸ்பொன்சர் செய்து நான் வந்து சேர்ந்தபோது ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் அறையில் இருந்தார். யன்னல் இல்லாத அறை. நான் உடுப்பு மாற்றக் கதவைச் சாத்தினால் எழுந்து வெளியே போய் நிற்பார். முதல் இரண்டு நாளும் அதை மரியாதை என்று நினைத்தேன்.

அவருக்குப் பாண் செய்யும் பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து படுப்பார். வீடு விழித்துக்கொள்வதும் அந்த நேரத்தில்தான். எங்கள் அறைக்கு எதிரேதான் உடுப்புத் தோய்க்கும் மெஷின் இருந்தது. படிக்கட்டு எங்கள் வாசலில் வந்து இறங்கும். மேலே வீட்டுக்காரரின் இரண்டு பிள்ளைகள் ஓடித் திரிவார்கள். அத்தனை சத்தத்துக்கும் நடுவில், கதவைத் திறந்துவைத்தபடி அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். கிட்டப் போய்ப் பார்த்தால் இமை துடித்துக்கொண்டிருக்கும்.

“கதவைச் சாத்திப்போட்டுப் படுங்கோவன்,” என்றேன் ஒரு நாள்.

“வேண்டாம். காத்து வரட்டும்.”

பேஸ்மென்டில் என்ன காற்று வரப்போகிறது? நான் அதற்குமேல் கேட்கவில்லை. நான்கு வருடம் கடிதத்திலேயே குடும்பம் நடத்திவிட்டு வந்தவளுக்கு எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று பிடிபடவில்லை.

வீட்டுக்காரரும் யாழ்ப்பாணத்தவர்தான். அண்ணை என்று கூப்பிடுவோம். அவரிடம் ஒரு கேம்பர் இருந்தது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற, கட்டிலும் அடுப்பும் வைத்த சின்ன வண்டி. ஒஷாவாவில் ஒரு வெள்ளைக்காரரிடம் ஆசைப்பட்டு வாங்கி, குடும்பத்தோடு ஒரேயொரு முறை ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார். அதன் கக்கூஸைப் பார்த்த அன்றைக்கே அவருடைய மனைவி இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அதன்பிறகு அது பின்வளவில், பேரி மரத்துக்குப் பக்கத்தில் நின்றது.

யூலை மாதத்தில் ஒரு காலை, கண் சிவந்துபோய் வேலையால் வந்த இவரைப் பார்த்து அண்ணை சொன்னார்: “தம்பி, இந்தச் சத்தத்துக்குள்ள ஏன் கிடந்து உழலுறீர்? கேம்பர் சும்மாதானே நிக்குது. போய்ப் படும்.”

கேம்பர் வாசலில் இரண்டு கதவுகள். வெளிப்பக்கம் திறக்கிற கனமான கதவு ஒன்று. அதோடு ஒட்டினாற்போல அலுமினியச் சட்டத்தில் நுளம்பும் பூச்சியும் வராமல் வலை அடித்த மெல்லிய கதவு ஒன்று. இவர் கனமான கதவை அகலத் திறந்து சங்கிலியால் கட்டினார். வலைக் கதவை மட்டும் சாத்திக்கொண்டு படுத்தார். மத்தியானம் ஒரு மணியாகியும் எழும்பவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மூன்று தரம் போய் வலையூடாகப் பார்த்தேன். வாய் திறந்து, குழந்தை மாதிரிக் கிடந்தார். மூன்று மணிக்கு எழும்பி வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். நான் கனடாவுக்கு வந்து அவருடைய முகத்தைப் பார்த்த முதல் நாள் அது என்றே சொல்லலாம். அதுவரை பார்த்தது களைப்பை மட்டும்தான்.

அந்தக் கோடை முழுக்க அவர் நித்திரை கொண்டார். சிரிக்கக்கூடத் தொடங்கினார். நான் படங்களுக்குச் சட்டம் போடுகிற ஒரு தொழிற்சாலையில் பின்னேர வேலைக்குச் சேர்ந்தேன். எங்களுக்கென்று காலையில் ஒரு மணி நேரமும் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மணி நேரமும் மிஞ்சும். அந்த நேரத்தில் பேரி மரத்தடியில் இருந்து தேத்தண்ணி குடிப்போம்.

ஒக்டோபரில் காற்று மாறியது. வலையூடாகக் குளிர் நேரே உள்ளே போகும். அண்ணை கராஜிலிருந்து வயர் இழுத்து ஒரு சின்ன மின்சார ஹீட்டர் வைத்துக் கொடுத்தார். வாசல் திறந்து கிடக்கையில் ஹீட்டர் என்ன செய்யும்? கம்பளித் தொப்பி, ஜக்கெற், இரண்டு போர்வை எல்லாம் போட்டுக்கொண்டு இருமி இருமிப் படுத்தார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் மழையும் காற்றுமாக இருந்தது. நான் போய்ப் பார்க்கையில் போர்வையின் கால்மாடு நனைந்திருந்தது. அவர் நல்ல நித்திரை. பாவம் என்று நினைத்துச் சங்கிலியைக் கழற்றி, சத்தம் கேட்காமல் கனமான கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

பத்து நிமிடம் இருக்காது. கதவு அடிபடுகிற சத்தம் கேட்டுப் படியேறி ஓடினேன். அவர் வெறுங்காலோடு மழைக்குள் நின்றார். என்னைக் கண்டும் என்னைத் தெரியாதவர் மாதிரிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தின் பின் கேம்பர் படியில் குந்தினார்.

“நீரே மூடினனீர்?”

“ஓம். மழை அடிச்சுது. அதுதான்...”

“இனி மூடாதையும்.”

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. துவாய் எடுத்துவந்து அவருடைய தலையைத் துடைத்துவிட்டேன். அவர் மறுக்கவில்லை. அன்றைக்கு வேலைக்கு லீவு சொன்னேன்.

அடுத்த நாளே யன்னல்களுக்கு ஒட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை வாங்கிவந்து வலையில் ஒட்டி, தலைமயிர் உலர்த்துகிற மெஷினால் சூடு காட்டி இழுத்தேன். காற்று அடித்ததும் அது படபடவென்று அடித்துக்கொண்டது. அரை நாளில் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. நித்திரை இல்லாமல் எழும்பி வந்தவர், “பரவாயில்லை, நல்லாத்தான் கிடந்தது,” என்றார்.

விடை மேல்வீட்டு வாசலில் இருந்தது. இங்கே முன்கதவுக்கு வெளியே இன்னொரு கண்ணாடிக் கதவு போடுவார்கள். ஸ்டோர்ம் டோர் என்று பெயர். மெயில் எடுக்கப் போனபோது உள்கதவைத் திறந்துவிட்டு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். தெருவில் குப்பை வாளி உருண்டு போகிறது, மரங்கள் சாய்கின்றன, என் முகத்தில் ஒரு சொட்டுக் காற்றுப் படவில்லை. எல்லாம் தெரிகிறது. வலைக் கதவை இப்படி ஆக்கினால் என்ன?

அண்ணையிடம் கேட்டேன். அவர் தாடையைச் சொறிந்தார்.

“செய்யும் பிள்ளை. ஆனா ஓட்டை கீட்டை ஒண்டும் போடாதையும். வாற சமருக்கு, கோடை தொடங்க முன்னம், அதை விக்கப்போறன்.”

“ஒரு ஓட்டையும் போடமாட்டன் அண்ணை.”

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று தெரியாது.

எங்கள் தொழிற்சாலையில் மலிவான சட்டங்களுக்குக் கண்ணாடிக்குப் பதிலாகத் தெளிந்த பிளாஸ்டிக் தகடு போடுவோம். கீறல் விழுந்த தகடுகளை எறிந்துவிடுவார்கள். மேற்பார்வையாளரிடம் ஒன்று கேட்டேன். எதற்கு என்றார். கதவுக்கு என்றேன். என்னுடைய ஆங்கிலத்தில் அதற்குமேல் விளக்க முடியவில்லை. அரை நாள் வேலையான ஒரு சனிக்கிழமை, என் உயரத்துக்கு ஒரு தகட்டைத் தந்துவிட்டார். அதோடு பஸ்ஸுக்கு நின்றேன். காற்று அதையும் என்னையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டுபோய்க் கம்பத்தில் சாத்தியது. பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்று நினைத்தேன். சாரதி என்னைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், பின்கதவைத் திறந்துவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் தகட்டூடாக என்னைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அளவெடுப்பதற்காக அவர் வேலைக்குப் போகாத ஒரு நாள் கேம்பருக்குள் போனேன். வலைக் கதவின் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். மேல்பாதிக்கு மட்டும் தகடு போட்டு, கீழ்பாதியை காட்போட் மட்டையால் அடைத்துவிடலாம் என்பது என் கணக்கு. அப்புறம் ஏதோ தோன்ற, அவருடைய கட்டிலில் படுத்து, அவருடைய தலையணையில் தலைவைத்துப் பார்த்தேன். மேல்பாதியில் சாம்பல் நிற வானம் மட்டும்தான். கீழ்பாதியில்தான் மரத்தின் அடி, புல், வேலிக் கதவு, அதற்கு அப்பால் ஒழுங்கை எல்லாம் தெரிந்தன. வேலிக் கதவு திறந்து கிடந்தது. யூலையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டுதான் அவர் கண் மூடியிருக்கிறார். நான் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். தலையணையில் பாண் மணம் இருந்தது.

இரண்டு பாதிக்கும் தகடு போடுவதென்று முடிவெடுத்தேன்.

தகட்டைக் கத்தியால் ஒரே கோட்டில் இருபது தரம் கீறி, மேசை விளிம்பில் வைத்து அமத்தி உடைக்க வேண்டும். மேல்துண்டு சரியாக வந்தது. கீழ்த்துண்டின் மூலையைக் கைப்பிடிக்காக வெட்டியபோது நாலு விரல் நீளத்துக்கு வெடிப்பு ஓடியது. என் நெஞ்சுக்குள் ஓடினமாதிரி இருந்தது. நல்லகாலம், அங்கேயே நின்றது. ஒட்டுநாடா போட்டு அமத்தினேன். ஓட்டை போடாமல் பொருத்தவும் ஒரு வழி பிறந்தது. சட்டத்தில் ஏற்கெனவே இருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, படச் சட்டங்களுக்குப் பின்னால் நாங்கள் போடுகிற சின்னத் தகரப் பிடிகளை அவற்றின் தலைக்குக் கீழே செருகித் திரும்ப முறுக்கினேன். வலையைக் கழற்றவில்லை. அதன் உள்பக்கத்தில் தகட்டை வைத்துப் பிடிகளைத் திருப்பினால் இறுகிக்கொள்ளும். விளிம்பைச் சுற்றிப் பஞ்சு நாடா ஒட்டினேன்.

அடுத்த காலை அவர் வந்து பார்த்தார். விரலால் தட்டினார். திறந்து மூடினார், திரும்பவும் திறந்து மூடினார். பிறகு படுத்தார்.

பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் எழும்பி இருந்து ஜக்கெற் கையால் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே சூடு, வெளியே குளிர். அவருடைய மூச்சு முழுக்கத் தகட்டில் பனிப்புகாராகப் படிந்து, வெள்ளைச் சுவர் போலாகியிருந்தது. துடைக்கத் துடைக்க மூடியது.

“வெளியில வாங்கோ,” என்றேன். “இன்னும் முடியேல்லை. நான் பிழையாச் செய்துபோட்டன்.”

“இல்லை, இல்லை. நல்ல வேலை. நான் துடைச்சுத் துடைச்சுப் படுப்பன்.”

மேல்தகட்டைக் கழற்றி, மேலிருந்து நாலு விரல் அகலத்தை வெட்டி எடுத்தேன். அந்த இடத்தில் வலை மட்டும் இருந்தது. ஈரக் காற்று அதன் வழியே போய்விட்டது. மத்தியானம் தகடு தெளிந்து, வேலிக் கதவு தெரிந்தது. அவர் திரும்பப் படுத்து நாலு மணிவரை நித்திரை கொண்டார். நான் வேலைக்குப் போகும்போது எட்டிப் பார்த்தேன். தொப்பி இல்லை. ஜக்கெற்றும் இல்லை. ஒரு போர்வை மட்டும்.

முதல் பனி ஒரு ஞாயிறு பின்னேரம் விழுந்தது. எனக்கு அது கனடாவின் முதல் பனி. கேம்பருக்குள் கட்டில் விளிம்பில் இருவரும் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தோம். கனமான கதவு திறந்தே இருந்தது. தகட்டுக்கு அப்பால் புல் மெல்ல மெல்ல வெள்ளையாகிக்கொண்டு வந்தது.

“கனடாவுக்கு வாற வழியில லொறி ஒண்டில வந்தனாங்கள்,” என்றார் திடீரென்று. “பதின்மூண்டு பேர். கூட்டிவந்த ஏஜென்சிக்காரர் வெளியிலயிருந்து பூட்டிப்போட்டாங்கள். எத்தனை மணித்தியாலம் எண்டு தெரியாது. ஒரே இருட்டு.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“பக்கத்தில இருந்த ஆள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தது. நானும் விடேல்லை. கதவு திறந்த உடன எல்லாரும் ஒவ்வொரு பக்கமா ஓடினம். ஆர் அந்த ஆள் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. கை மட்டும் தெரியும். முகம் தெரியாது.”

“ஏன் எழுதேல்லை?”

“அதை எப்பிடி எழுதிறது?”

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அந்த நேரம் வேலையால் வந்த அண்ணை வளவுக்குள் வந்து, பனிக்குள் நின்று கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திருகாணிகளைத் தடவிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

தை மாதக் குளிருக்கு எந்தத் தகடும் நிற்காது. அதற்கு முன்பே ஒரு மாடிக் குடியிருப்பில் ஏழாம் மாடியில் எங்களுக்கு வீடு கிடைத்தது. பல்கனிக்குச் சுவர் அகலத்துக்குக் கண்ணாடிக் கதவு. கட்டிலை அதற்கு நேரே போட்டோம். அவருக்கு எல்லாம் சுகமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இன்றைக்கும் லிப்ட் கதவு மூடும்போது என் கையைத் தேடுவார். ஆனால் நித்திரை கொள்கிறார்.

வசந்தத்தில் அண்ணை கேம்பரை விற்றார். ஒரு கிழமை கழித்துத் தொலைபேசியில் வந்தார்.

“பிள்ளை, வாங்கின ஆள் உம்மட கதவைப் பற்றிக் கேக்குது. சமருக்கு அந்தத் தகட்டைக் கழட்டலாமோ எண்டு. உம்மட நம்பரைக் குடுத்திட்டன்.”

வாங்கியவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். எனக்கு ஆங்கிலத்தில் தொலைபேசி என்றாலே வியர்க்கும். திருகாணி என்பதற்குச் சொல் வந்தது, பிடி என்பதற்கு வரவில்லை. இருந்தும் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், தகட்டை எப்படித் தூக்க வேண்டும், மேலே நாலு விரல் இடைவெளியை ஏன் அடைக்கக்கூடாது என்றெல்லாம் சொல்லி முடித்தேன். என் கணவர் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கேம்பர் கதவு செய்வதுதான் உன் தொழிலா என்று அந்த மனிதர் கேட்டார்.

இல்லை, என் கணவர் நித்திரை கொள்வதற்காகச் செய்தேன் என்றேன்.

அப்படியானால் கழற்ற மனமில்லை என்றவர், சமரிலும் அதை அப்படியே விட்டால் ஏதும் பிரச்சினை உண்டா என்று கேட்டார். காற்று வராமல் புழுங்கும், மேல்துண்டைக் கழற்றிவிட்டுக் கீழ்த்துண்டை மட்டும் விட்டுவைக்கலாம் என்றேன்.