மிச்ச இடம்

ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயர் கத்தரி. மருத்துவமனை மூச்சு இயந்திரங்களுக்குள் ஓடும் மென்பொருளின் அடித்தளத்தை, கெர்னல் என்பார்கள், பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். யாரோ ஒரு புண்ணியவான் நூறு வரியில் இழுத்து வைத்ததைப் பத்து வரியில் வெட்டிக் கொடுப்பாள். இத்தனைக்கும் மகா பயந்தாங்கொள்ளி. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம். அந்தப் பயம்தான் அவளுக்குச் சோறு போட்டது. எழுதிய ஒவ்வொரு வரியையும் நான்கு தடவை சந்தேகப்படுவாள்.

ஒரே ஒரு தடவை சந்தேகப்படவில்லை. போன மாதம், மூச்சு தடைபட்டால் திரையில் வரும் எச்சரிக்கை வரியைத் தயார் செய்யும் பழைய நிரலைத் தூக்கினாள். நோயாளி பெயர், படுக்கை எண், மூச்சின் அளவு மூன்றையும் முப்பத்திரண்டு எழுத்துக்குள் அடுக்கும் கைத்தயாரிப்பு அது, இருநூற்றுப் பத்து வரி. கெர்னலிலேயே அதற்கென்று ஒரு கட்டளை இருக்கும்போது எதற்கு இந்தக் கூத்து என்று ஆறே வரியில் முடித்தாள். மேனேஜர் எல்லாருக்கும் மெயில் போட்டுப் பாராட்டினார். அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று காலை அவள் அண்ணனுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, மூச்சு இயந்திரத்தோடு படுக்க வைத்திருந்தார்கள். திரையின் மூலையில் பதிப்பு எண்ணைப் பார்த்தாள். அவளுடைய ஆறு வரி ஓடும் பதிப்பு.

"நேத்து சாயங்காலம்தான் எல்லா மெஷின்லயும் புதுசு மாத்தினாங்க" என்றாள் நர்ஸ்.

"உங்க கம்பெனி மெஷினா? அப்ப பயமில்ல" என்றாள் அண்ணி.

நர்ஸ் நோயாளியின் முழுப் பெயரைக் கேட்டாள். குடும்பப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்ந்து அண்ணன் பெயர் ரயில் மாதிரி நீளம். அண்ணி சொல்லச் சொல்ல இவள் பழக்கதோஷத்தில் எழுத்தை எண்ணினாள். முப்பத்தெட்டு. இடம் பத்தாது, கட்டளையே வெட்டிக்கொள்ளும் என்று நினைத்தாள். நினைத்த மறுநொடி, அந்தக் கட்டளை திருப்பிச் சொல்லும் எண் ஞாபகம் வந்தது.

பழைய நிரல், எத்தனை எழுத்து எழுதினேன் என்று சொல்லும். புதுக் கட்டளையோ, இடம் இருந்திருந்தால் எத்தனை எழுதியிருப்பேன் என்று சொல்லும். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி, அதை முப்பத்திரண்டில் கழித்து மிச்ச இடம் பார்த்திருந்தாள். முப்பத்தெட்டைக் கழித்தால் மைனஸ் ஆறு. அந்தக் கணக்கில் இயந்திரத்துக்கு மைனஸ் தெரியாது. கோடிக்கணக்கில் இடம் கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அடுத்திருக்கும் நினைவகத்தின் மேலேயே எழுதித் தள்ளும். எச்சரிக்கை வர வேண்டிய அந்த நொடியில் கெர்னல் விழும். மறுபடி எழுந்திருக்க நாற்பது விநாடி. ஏற்கெனவே மூச்சு தடைபட்டவனுக்கு அந்த நாற்பது விநாடியும் மூச்சே கிடையாது. சோதனையில் எல்லா நோயாளிக்கும் இரண்டெழுத்துப் பெயர் வைத்திருந்தாள், பாவி.

"சிஸ்டர், முழுப் பேர் வேணாம். வீட்ல கூப்பிடுற பேரைப் போடுங்க."

"ரூல்ஸ் ஒத்துக்காது மேடம்."

"உங்க கால்ல வேணாலும் விழறேன். மூணே எழுத்துதான்."

அவள் முகத்தைப் பார்த்து மிரண்டுபோய், நர்ஸ் மூன்றெழுத்தைத் தட்டினாள். அண்ணன் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள். வாயைத் திறக்காமல் ஆபீசுக்குப் போய், சத்தமில்லாமல் திருத்திவிடலாம். யாருக்கும் தெரியாது, வேலையும் போகாது. இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர். அவர் பெயர் திரையில் இரண்டு வரியாக மடிந்திருந்தது. அதற்கப்பால் ஒரு பெண், அவள் பெயரும் அப்படித்தான். அந்த அறையில் மட்டும் எட்டுப் படுக்கை. வெளியே எத்தனை மருத்துவமனையோ. சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"சிஸ்டர், டாக்டரைக் கூப்பிடுங்க. ஒவ்வொரு பெட்டுக்கும் கையால மூச்சு குடுக்க ஆளை நிறுத்துங்க. இந்த மெஷின் எப்ப வேணாலும் நின்னுடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் எழுதினேன். தப்பா எழுதிட்டேன்."

நர்ஸ் ஓடினாள். அண்ணி எழுந்து வந்து, புருஷனுக்கும் நாத்தனாருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.