கல்லானவள் எழுந்து போகாத நாடகம்

வேலணையில் எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு நான் ஒரு நவீன நாடகம் எழுதினேன். நவீனம் என்றால் திரைச்சீலை கிடையாது, வசனமும் குறைவு. கதை பழையது. முனிவரான கணவன் சபித்ததால் கல்லாகிக் கிடந்து, பிறகு சாபம் நீங்கி எழுந்த மனைவியின் கதை. எனக்கு முன்னரே பெரியவர்கள் பலர் அதை மாற்றி எழுதிப் பார்த்துவிட்டார்கள். அவற்றைப் படித்திருந்ததால், புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. ஆனாலும் நினைத்துக்கொண்டேன்.

என் முடிவில் முனிவர் மனைவியை வீட்டுக்குக் கூப்பிடுகிறார். "கல்லாய்க் கிடந்த காலத்தில் ஒருநாளாவது வந்து பார்த்தீரா?" என்று கேட்டுவிட்டு, அவள் சபையின் நடுவால் நடந்து வெளியே போகிறாள்.

மனைவியாக நடிக்க வந்தவர் ஒரு முன்பள்ளி ஆசிரியை. பிரதேச செயலகத்தில் விவாகப் பதிவுச் சான்றிதழின் பிரதி கொடுக்கும் மேசை என்னுடையது. அவர் மூன்று தடவை வந்து பிரதி எடுத்திருந்தார். சுவிஸிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்த ஒருவருடன் அவருக்கு எழுத்து முடிந்து ஐந்து வருடம். எங்கள் தீவுகளில் இது வழக்கம்தான்: பதிவாளர் முன்னால் கையெழுத்து வைத்துவிட்டு மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவார், விசா கிடைத்துப் பெண் அங்கே போன பிறகுதான் தாலி. அதுவரை அவள் சட்டத்துக்கு மனைவி, வீட்டுக்கு மகள்.

மூன்றாம் நாள் ஒத்திகை முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார்.

"அண்ணை, இந்த முடிவுக்குச் சனம் கை தட்டுமோ?"

"தட்டாட்டி நான் தட்டுறன்."

"பகிடி விடாதேங்கோ. சனம் தட்டினால் நான் அப்பாவோட கதைப்பன். அவரும் அங்கைதானே இருப்பார்."

"என்ன கதைக்கப்போறீர்?"

"எழுத்தை ரத்துச் செய்வம் எண்டு. சுவிஸில இருக்கிறவர் மாசத்துக்கு ஒருக்கா கோல் எடுப்பார். விசா பைல் எந்த மட்டில நிக்குது எண்டு கேப்பார், வைப்பார். வேற ஆரும் என்ர போனைத் தூக்கினாலும் அவருக்கு வித்தியாசம் தெரியாது."

அன்றைக்கு நான் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை என் நாடகத்தில் தொங்குகிறது. வாழ்க்கையை விட நாடகம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் நிலையத்தின் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஐசே, முனிவரிட்ட மன்னிப்புக் கேக்காமல் வெளிக்கிடுற மனுசி எந்தப் புராணத்தில இருக்கு?"

"என்ர புராணத்தில."

"அப்ப உம்மட வீட்டில போடும். இங்கை குடும்பம் குடும்பமாச் சனம் வரும். அந்தப் பிள்ளையும் எழுத்து முடிஞ்ச பிள்ளை. மனுசன்ர காலில விழுத்திவிடும், ஒரு நிமிச வேலை."

நாடகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லும் வசனங்களை மற்றவர்களுக்கு நன்றாக எழுதிக் கொடுப்பேன். புது முடிவை எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் இலக்கிய வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக எதையும் எழுதியதில்லை.

பின்னேரம் அந்தத் தாளை ஆசிரியையிடம் கொடுத்தேன். வாசித்தார். "அடுத்த வருசம் பழைய முடிவைப் போடுவம்" என்றேன். அவர் தாளை மடித்தார்.

"நான் அவற்ற காலில விழேக்கை சனத்தின்ர பக்கம் பாக்கிறதோ, அங்கால பாக்கிறதோ?"

சனத்தின் பக்கம் என்று சொன்னேன். ஒரு இயக்குநருக்குரிய பதிலைச் சரியாகச் சொன்ன திருப்திகூட அப்போது இருந்தது.

விழாவில் அவர் விழுந்தார். முனிவராக நடித்த தபால்காரர் கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். சனம் எழுந்து நின்று கை தட்டியது. அவருடைய அப்பாவும் எழும்பி நின்று தட்டினார். தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார், நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

நாலு மாதத்தில் விசா வந்தது. ஆசிரியை என் மேசைக்கு வந்து நாலாவது பிரதியைக் கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டார். பிறகு சுவிஸுக்குப் போய்விட்டார்.

போன ஆவணியில் கணவருடன் லீவில் வந்திருந்த அவரை மண்கும்பான் கடற்கரையில் கண்டேன். கணவர் தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். காணாதது போல் திரும்பிப் போகலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவரே வந்துவிட்டார்.

"சுகமோ அண்ணை?"

"ஓம். நீர்?"

"இருக்கிறன்." கணவரை ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த முதல் முடிவைப் போட்டிருந்தால், தட்டியிருப்பினமோ?"

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. "தட்டியிருக்க மாட்டினம்" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கணவர் நின்ற பக்கம் நடந்தார்.

தட்டியிருப்பார்களோ இல்லையோ, எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சனத்துக்கு நான் அந்த முடிவைக் காட்டவே இல்லையே.