நண்டில்லாத வளை

எட்டு வயதில் நண்டைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. கச்சிராயபாளையத்தில் எங்கள் கழனி வரப்புதான் எனக்குப் பள்ளிக்கூடம். ஓடு கழற்றிய நண்டு மெத்தென்று இருக்கும். புது ஓடு இறுகும்வரை வளையை விட்டு வெளியே வராது. கோடையில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு அடியில் கிடக்கும். வயிற்று மடிப்பைத் திறந்து பார்ப்பேன். குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் தாயை விட்டுவிடுவேன். மற்றதெல்லாம் சளிக்கு ரசம் வைக்க.

அந்த வருஷம் எங்கள் கிணறு வற்றிவிட்டது. நெல் பால் பிடிக்கும் நேரம். பக்கத்துக் கழனிக்காரர் பெரியப்பா. அவர் கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆனால் பாகம் பிரித்ததிலிருந்து அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அப்பா போய்க் கேட்கமாட்டார். ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது என்பது பெரியம்மாவின் உத்தரவு. இருந்தும் பொது வரப்பில் இருந்த ஓட்டை வழியாகத் தினமும் எங்கள் பக்கம் தண்ணீர் கசிந்தது.

"பாழாப்போன நண்டு, வளை போட்டுக்கினே இருக்குது. நானும் எத்தினி தடவதான் அடைக்கிறது?" என்று பெரியப்பா ஊருக்கே கேட்கும்படி திட்டுவார்.

எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை நானே உதவிக்குப் போனேன். பெரியம்மா வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டுப் பார்த்தேன். நண்டு வளை என்றால் சாய்வாக இறங்கும், வாயில் ஈரமண் உருண்டைகள் கிடக்கும். இங்கே இரண்டும் இல்லை.

"பெரியப்பா, இது நண்டு வளையே இல்லீங்க! கடப்பாரையால குத்துன மாதிரி நேரா போவுது!"

பெரியம்மா அரிவாளோடு நிமிர்ந்தாள். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டு, களிமண்ணைத் திணித்து ஓட்டையைக் கெட்டியாக மிதித்து அடைத்தேன். அன்று முதல் பெரியம்மா தினமும் வந்து வரப்பை நோட்டம் விட்டாள்.

மூன்றே நாளில் எங்கள் கழனி வெடித்தது. அப்பா வரப்பில் வெறுமனே நின்றார். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். ஏன் என்று சொல்லவில்லை.

நான்காம் நாள் பெரியப்பா வழி மறித்தார். "பாப்பா, நல்ல நண்டா நாலு புடிச்சாந்து குடு. உசுரோட வேணும்."

"சளிங்களா பெரியப்பா?"

"ஆமா, சளிதான்."

கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். பெரியப்பா ரசம் வைக்கவில்லை. வரப்பில் குந்திக்கொண்டு, புதிதாகக் குத்திய ஓட்டைகளில் நண்டுகளை ஒவ்வொன்றாக விட்டார். பிறகு சேற்றை உருட்டி வாயில் அடுக்கினார்.

"இவ்ளோ பெரிசா நண்டு உருட்டாதுங்க" என்றேன்.

"அப்ப எப்டி உருட்டும்? காட்டு."

உருட்டிக் காட்டினேன். எங்கள் பக்கம் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. எதிர் வரப்பில் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு வெயில்கூட இல்லையே என்று நினைத்தேன்.