சனி மூலை மண்

சங்கராபுரம் மண்டியில் எங்கள் கத்தரிக்காய் மூட்டையைச் சீண்ட ஆளில்லாமல் போனது, பக்கத்துத் தோட்டம் வந்த பிறகுதான். கல்வராயன் மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். வெளியூரில் கட்டடம் கட்டி விற்கிற ஒருவர் அதை ஒட்டி நிலம் வாங்கி, கம்பிவேலி போட்டு, அவரும் கத்தரி வைத்தார். நாங்கள் கேட்கும் விலையில் பாதிக்கு அவர்கள் காயைத் தள்ளிவிட்டார்கள்.

பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாத விலையில் ஒருவர் எப்படி விற்க முடியும்? அப்பாவுக்குப் புரியவே இல்லை. விவசாயிக்கு எல்லாவற்றுக்கும் பதில் மண்ணில்தான் இருக்க வேண்டும். அவரும் அங்கேதான் தேடினார். காலையில் பல் துலக்கிக்கொண்டே வேலியோரம் நின்று அவர்கள் பாத்தியைப் பார்ப்பார். அவர்கள் போட்ட உரத்தைப் போட்டார், அவர்கள் வைத்த ரகத்தை வைத்தார். எங்கள் வீட்டில் எந்த விதைப்பையும் வயலின் வடகிழக்கில், சனி மூலையில்தான் தொடங்குவோம். ஒரு நாள் வேலிக்கடியில் கைவிட்டு அவர்கள் மண்ணில் ஒரு பிடி அள்ளி, துண்டு முனையில் முடிந்து வந்து, எங்கள் சனி மூலையில் போட்டுக் கும்பிட்டார்.

"திருட்டு மண்ணு வெளையுமாப்பா?" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

நன்றாகத்தான் விளைந்தது. மண்டியில் மட்டும் பழைய கதையே.

விஷயத்தை மண்டியில் வைத்து என்னிடம் சொன்னது அந்தத் தோட்டத்து வேன் டிரைவர். "இன்னாம்மா, இதுகூடவா தெரியாது? வெவசாய வருமானத்துக்கு வரி இல்ல. அங்க கட்டடத்துல வர்ற கணக்குல வராத பணத்த, இங்க கத்திரிக்கா வித்து வந்துச்சின்னு காட்டிக்கினு இருக்காரு மொதலாளி. காய சும்மா குடுத்தாலும் அவருக்கு ஒண்ணும் கொறையாது."

வண்டியில் வீடு திரும்பும்போதே அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அப்டிலாம் இருக்காது. அவங்க பாத்தியப் பாத்தியா நீ? அவங்களுக்கு வெவசாயம் தெரியுது. எனக்குத் தெரியல, அவ்ளோதான்."

எத்தனை தடவை சொன்னாலும் இதே பதில். அந்த ஆள் மேல் கோபம் வந்திருந்தால்கூட மனுஷன் தேறியிருப்பார். பிறந்ததிலிருந்து செய்த வேலை தனக்கு வராது என்றல்லவா நம்பிவிட்டார். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. போன வருஷம் நிலத்தை அவர்களுக்கே கிரயம் செய்து கொடுத்தார். வேலி நகர்ந்து எங்கள் கிணற்றையும் உள்ளே சேர்த்துக்கொண்டது.

இப்போது அங்கேயே கூலிக்குப் போகிறார். சாயங்காலம் வந்ததும், எந்த மருந்தை எப்போது அடிக்கிறார்கள், தண்ணீர் எப்படிப் பாய்ச்சுகிறார்கள் என்று எங்களுக்கு விளக்குவார். நானும் அம்மாவும் தலையாட்டுவோம்.

போன வாரம் அம்மா அவர் துண்டைத் துவைக்க எடுத்தாள். முனையில் முடிச்சு. அவிழ்த்தால் ஒரு பிடி மண்.

"இன்னாங்க இது, மறுபடியும் அவங்க மண்ணா? எங்க கொண்டுபோய்ப் போடப் போறீங்க?"

"அவங்களுது இல்ல. நம்ம சனி மூல மண்ணு," என்றார் அப்பா.

அம்மா அதைத் திரும்ப முடிந்து, துண்டைத் துவைக்காமல் கொடியில் போட்டாள்.