விரல் தூக்கும் இடம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். காதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. அந்தக் காதில் வண்டு குடைவது போல ஒரு இரைச்சல் வந்ததிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் நிம்மதி போயிற்று.

டாக்டரிடம் போகலாம் என்று வாய் ஓயாமல் சொன்னேன். டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டால் கம்பெனியில் லிஃப்ட் பக்கமே விடமாட்டார்கள் என்று அவருக்குப் பயம். மனுஷன் கரண்டுக்குப் பயப்பட மாட்டார், உயரத்துக்குப் பயப்பட மாட்டார், காது டாக்டர் என்றால் மட்டும் நடுங்குவார். அதனால் தனக்குத்தானே ஒரு பரிசோதனையைக் கண்டுபிடித்தார்.

அவருக்கு ஒரு பாட்டுப் பைத்தியம் உண்டு. பாட்டு என்று சொல்வதே தப்பு. பாடுகிறவர் யாருமே கிடையாது. போஸ்ட் ராக் என்று பெயராம். முதலில் எங்கோ ஒரு கிடார் தொட்டும் தொடாமலும் கேட்கும். அது பாட்டுக்கு வெகுநேரம் போகும். நமக்குக் கண் சொக்குகிற நேரம் பார்த்து டிரம்ஸும் மற்ற கிடார்களும் ஒரேயடியாகத் தலையில் வந்து இறங்கும். கல்யாணமான புதிதில் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டு, அந்த இடம் வந்ததும் நான் துள்ளியதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த மெதுவான கிடார்தான் பரிசோதனை. சமையலறை அலமாரியில் பழைய சிடி பிளேயர். ஸ்பீக்கர் எப்போதோ செத்துவிட்டது, ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும். வால்யூம் மாறாமல் இருக்கத் திருகின் பக்கத்தில் என் நெயில்பாலிஷால் ஒரு புள்ளி. தினமும் வேலைக்குப் போகுமுன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பிளேயரைத் தட்டிவிட்டு, அலமாரிக்கு முதுகு காட்டி ஸ்டூலில் கண்மூடி உட்காருவார். கிடார் கேட்டதும் ஒரு விரல் உயரும். வகுப்பில் ஆஜர் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வேன். ஆனால் அந்த விரல் உயரும்வரை அடுப்பில் எது கருகினாலும் எனக்குத் தெரியாது.

ஒரு சாயங்காலம் என் தம்பி வந்தான். அவனும் இவரும் ஜோடியாக வேலை பார்க்கிறவர்கள். இவர் குளிக்கப் போனதும் என் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, இன்னைக்கு லிஃப்டுக்கு அடியில குழிக்குள்ள இருந்து நிறுத்துங்க மாமான்னு கத்தினேன். மேல நின்னு லிஃப்டை இயக்கின மாமாவுக்குக் கேக்கல. லிஃப்ட் இறங்கிட்டே இருந்துச்சு. ஓரமா உருண்டதால பொழச்சேன்."

ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் கூடப்பிறந்தவன். இவரிடம் கேட்டால், மோட்டார் சத்தத்தில் யாருக்குத்தான் கேட்கும், காலையில்கூடக் கிடார் சுத்தமாகக் கேட்டதே என்று எரிந்து விழுந்தார். நாளைக்கும் குழிக்குள் இறங்கப்போவது என் தம்பிதான்.

மறுநாள் காலை பிளேயரைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். விரல் உயர்ந்தது. அப்பாடா என்று திரும்பினேன். அலமாரிக்குக் கீழே, ஹெட்ஃபோன் வயரின் முனை தரையில் கிடந்தது. நான் பெருக்கும்போது இழுபட்டுக் கழன்றிருக்க வேண்டும்.

அவருக்கு ஒன்றுமே கேட்க வழியில்லை. ஆனால் தலை தாளத்தோடு ஆடிக்கொண்டிருந்தது, உதட்டில் சிரிப்பு. எனக்கு அவரைத் தொடவே பயமாக இருந்தது. டிரம்ஸ் வருகிற இடத்தில் அவர் கை வழக்கம்போலத் தாளம் தட்ட நெஞ்சுக்குப் போயிற்று. டிரம்ஸ் வரவில்லை போல, போன கை அப்படியே நின்றது. கண்ணைத் திறந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாமே போயிடுச்சா?" என்றார், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்படி.

வயர் முனையைத் தூக்கிக் காட்டினேன். பெருமூச்சு விட்டவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். வயரே இல்லாமல் கேட்ட கிடார் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கும் உறைத்துவிட்டது. மனப்பாடமான பாட்டு. எத்தனை நாள் காது கேட்டது, எத்தனை நாள் மனசு கேட்டது என்று யாருக்குத் தெரியும்.

ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பிறகு, "நீயே போடு. எப்பப் போடுறேன்னு சொல்லாத," என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

வயரைச் செருகி, முதலில் நான் காதில் வைத்துப் பார்த்தேன். திருகு புள்ளியில்தான் நின்றது. கிடார் தெளிவாகவே கேட்டது. ஹெட்ஃபோனை அவருக்கு மாட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்து, ஆரம்பத்திலிருந்து தட்டினேன். விரல் தொடைமேலேயே கிடந்தது. தூக்குங்க, தூக்குங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அசையவில்லை. கடைசியில் டிரம்ஸ் இடித்தது. ஹெட்ஃபோனையும் மீறி எனக்கே கேட்டது. அப்போது சட்டென்று விரல் உயர்ந்தது.

சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார். "இப்பதானே போட்ட?"

நான் பிளேயரை நிறுத்தினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"உன் தம்பிகிட்ட சொல்லு, இன்னைக்கு என்னை நம்பிக் குழிக்குள்ள இறங்க வேண்டாம்னு. அவன் என்ன சொல்றான்னு நீ கேட்டுச் சொல்லு."