லேபுக்கு மட்டும் நல்ல காப்ஸ்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லின் லேபில் நான் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. பெர்மனன்ட் ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் செட்டியார்பட்டிக்காரர் ஒருவர், எங்களிடம் நூல் வாங்கி விசைத்தறி ஓட்டுகிறவர், ஒரு துணிச் சுருளோடு வந்து மேனேஜர் மேஜையில் உருட்டிவிட்டார்.

"தடவிப் பாருங்க சார். எம்புட்டு முடிச்சு. துணி நெய்ய நூல் குடுத்தீங்களா, வலை பின்னக் குடுத்தீங்களா?"

ஸ்பின்னிங்கில் நூல் சுற்றி வரும் சிறு குழலை காப்ஸ் என்போம். வைண்டிங் பிரிவில் பல காப்ஸைச் சேர்த்து ஒரு பெரிய கோனாகச் சுற்றுவார்கள். சுற்றும்போது நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். கோனுக்குள் சுற்றியவரின் நம்பர் சீட்டு இருக்கும். செட்டியார்பட்டிக்காரர் துணியோடு கொண்டுவந்திருந்த மிச்சக் கோன்களில் எல்லாம் ஒரே நம்பர். வைண்டிங்கில் வேலை பார்த்த ஞானம்மா அக்காவுடையது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நூல் ஸ்ட்ரெங்த் எப்படிய்யா?"

"நல்லா இருக்கு சார். ஆறு மாசமா ஒரு தடவைகூட இறங்கல." பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நூல் பலமாக இருக்கிறது, அப்படியும் அறுகிறது என்றால் சுற்றுகிறவர்தான் மெஷினைச் சரியாகப் பார்க்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். அன்றைக்கே ஞானம்மா அக்காவுக்கு சஸ்பென்ஷன். மறுநாள் காலை பத்து மணிக்கு என்கொயரி. சாட்சியே என் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்தான்.

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் கேட்டருகே ஞானம்மா அக்கா நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். பதினெட்டு வருஷ சர்வீஸ்.

"நான் கவனமாத்தான் பாத்தேன் சார். அது பாட்டுக்கு அறுது. முடிச்சுப் போடாம நான் என்ன செய்ய?"

"நூல் நல்லா இருக்கேக்கா" என்றேன். அவர் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். அம்மா காப்பி கொடுத்தார். குடித்தேனா என்று நினைவில்லை. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து தெருமுனை வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். "அது பாட்டுக்கு அறுது" என்றாரே. பதினெட்டு வருஷம் நூலைத் தொட்டவர் சொல்கிறார். நான் எத்தனை தடவை ஸ்பின்னிங் ஷெட்டுக்குள் போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண ஒரு கை விரல்களே அதிகம். உள்ளே புழுக்கமும் இரைச்சலும் தாங்காது. தினமும் காப்ஸ் கேட்டுச் சீட்டு எழுதி அனுப்புவேன். ஸ்பின்னிங் மெஷின் ஓட்டும் சைடர் மாடசாமி அண்ணன் பத்து காப்ஸை லேபுக்கே கொண்டுவந்து வைத்துவிடுவார். சட்டை அழுக்காகாமல் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து மறுபடி மில்லுக்கு வந்துவிட்டேன். அந்த வாரம் மாடசாமி அண்ணனுக்கு மதிய ஷிப்ட். நேரே ஷெட்டுக்குள் போய் நின்றேன்.

"அண்ணே, பத்து காப்ஸ் வேணும்."

"வாங்க சார்" என்றவர், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பிரேமை, அந்த நூற்பு மெஷினை, தொடவே இல்லை. அதைத் தாண்டி அடுத்த பிரேமுக்குப் போய், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து உருவ ஆரம்பித்தார்.

"ஏன்ணே, இதுல எடுக்கக் கூடாதா?"

"இதுல ரப்பர் ரோலரு தேஞ்சு போச்சு சார். நூலு நொய்யி. அதப் போயி உங்களுக்குக் குடுப்பனா? வீட்டுக்கு வந்தவியளுக்குச் சொத்தக் கத்திரிக்காயவா ஆக்கிப் போடுவாக?"

ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. மரியாதை. லேப் சார் கேட்டால் நல்லதாகப் பொறுக்கிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஷெட்டில் எல்லோருக்கும் பழக்கம்.

"ரப்பர மாத்தச் சொல்லலையா?"

"ஸ்பின்னிங் மாஸ்டர்ட்ட மூணு தடவ சொன்னேன். லேப் ரிப்போர்ட் நல்லாத்தான இருக்குன்னுட்டாரு."

தேய்ந்த பிரேமில் நானே கைக்கு வந்தபடி பத்து காப்ஸ் எடுத்தேன். அந்த பிரேம் நூல் யார் மெஷினுக்குப் போகிறது என்று கேட்டேன். ஞானம்மா அக்காவுக்கு. லேபில் இழுத்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. நம்பாமல் மறுபடி எடுத்து வந்து பார்த்தேன். அதுவும் அப்படியே.

மறுநாள் என்கொயரிக்கு முன்னால் மேனேஜர் ரூம் வாசலில் போய் நின்றேன். சொன்னால் என் பெர்மனன்ட் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த அம்மா வேலை போய்விடும். உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஆறு மாசமா எனக்குப் பொய் எழுதிக் குடுத்திருக்க."

"பொய்னு தெரியாம எழுதிட்டேன் சார்."

"அதுக்குத்தான சம்பளம், தெரிஞ்சுக்க?" என்றார். பிறகு மாடசாமிக்கு மெமோ கொடுக்கிறேன் என்று பேனாவை எடுத்தார்.

"அவருக்கு வேணாம் சார். போய் எடுக்க வேண்டியவன் நான். போகல."

பேனாவை மூடினார். என்னைப் பாராட்டினார் என்று எழுத ஆசைதான். ஆனால் என் புரொபேஷனை இன்னும் ஆறு மாதம் நீட்டினார். ரப்பர் மாற்ற அன்றைக்கே ஆர்டர் போட்டார். ஞானம்மா அக்கா மறுநாள் வேலைக்கு வந்தார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க பேப்பரப் பாத்துத்தான் என்னய வெளிய அனுப்புனாவ. அந்தப் பேப்பர எங்கிட்ட ஒருத்தரும் காட்டலயே சார். காட்டியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன், இது என் மெஷின் நூலு இல்லன்னு."

எத்தனையோ குவாலிட்டி டிரெயினிங்குக்குப் பின்னாளில் போயிருக்கிறேன். இதைவிடப் பெரிதாக யாரும் ஒன்றும் சொல்லிவிடவில்லை. சாம்பிளை நீங்களே போய் எடுங்கள். ரிப்போர்ட் யாரைப் பற்றியதோ அவர்கள் முதலில் பார்க்கட்டும். இன்றைக்கும் ஏதாவது ஒரு ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டத்திலும் 'நன்று' என்று கண்டால் எனக்குப் படபடப்பாகத்தான் இருக்கிறது.

அந்த வாரமே ரிப்போர்ட்டின் காப்பி ஒன்றை வைண்டிங் பிரிவுச் சுவரில் ஒட்டினேன். ரப்பர் பாதிதான் மாற்றியிருந்தார்கள். ஞானம்மா அக்கா வந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"மோசமால்லா இருக்கு சார்?"

"ஆமாக்கா."

"அப்ப நெசமாத்தான் எழுதியிருக்கீய" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போடப் போனார்.